படத்தில் இல்லாத வரப்பு

ஊர் மன்றச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டி முடிப்பதற்குள் ஸெம்னே கிராமமே அதன் முன்னால் கூடிவிட்டது. கல்யாண வீட்டுப் போட்டோ கைக்கு வந்தால் முதலில் தன் முகத்தைத்தான் தேடுகிறோம். அதேபோல எல்லோரும் அதில் தங்கள் வயலைத் தேடினார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் மூன்று வருடமாக எடுத்த படங்களை வைத்துச் செய்த வரைபடமாம். எந்த வயலில் உயிர் வகை அதிகம், எதில் குறைவு என்று அந்தப் படத்தின் மேலேயே மெல்லிய நிறம் பூசிக் காட்டும். அடர்பச்சை முதல் தரம். வெளிற வெளிறத் தரம் இறங்கும். கடைசியான ஐந்தாம் தரத்துக்கு அரிசி கழுவிய தண்ணீரின் நிறம்.

யோ மல்சுனுக்குத் தேடுகிற வேலையே இல்லை. படத்தின் வடமேற்கு மூலையில் அவள் வயல்கள் ஒன்பதும் அரிசி கழுவிய தண்ணீராக வெளிறிக் கிடந்தன.

மல்சுனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் ‘இதோடு நிறுத்து’ என்கிற அர்த்தத்தில் வைத்த பெயர் அது, நம் பக்கத்துப் போதும்பொண்ணு மாதிரி. பெயர் வைத்தவர்கள்தான் போதும் என்றார்கள். அவள் ஒருநாளும் எதற்கும் போதும் என்று வாயை மூடியவள் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. மகள் நாரே தெற்கே துறைமுக நகரத்தில் இருக்கிறாள். மல்சுன் தனியாகத்தான் உழுகிறாள், நடுகிறாள், அறுக்கிறாள், சண்டையும் போடுகிறாள்.

“இது என்ன நிறம்?” என்று படத்தில் விரலை வைத்துக் கேட்டாள்.

படத்தைக் கொண்டுவந்தவள் தாக் ஹேரின், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த, டாக்டர் பட்டம் வாங்கிய முப்பத்திரண்டு வயதுப் பெண். வந்த அரைமணி நேரத்தில் அவளிடம் எழுபது வயதுப் பொங்நம் முட்டிவலிக்கு மருந்து கேட்டிருந்தாள். ‘நான் அந்த டாக்டர் இல்லம்மா, வானத்துலேர்ந்து நிலத்தைப் பாக்குற டாக்டர்’ என்று ஹேரின் சொல்லப்போக, ‘அப்ப வானத்துலேர்ந்தே என் முட்டியையும் பாரு’ என்று கிழவி காலை நீட்டிவிட்டாள். அந்தச் சிரிப்பு இன்னும் அறையில் மிச்சமிருந்தது.

“அஞ்சாம் தரம்மா. உயிர் வகை ரொம்பக் கொறைவான நிலம்,” என்றாள் ஹேரின்.

“என் வயல்லயா?”

“செயற்கைக்கோள் ஒவ்வொரு சதுரத்துலயும் பச்சை, ஈரம், சூடு எல்லாம் எப்படி மாறுதுன்னு பாக்கும். பல விதமா மாறினா பல உயிர் இருக்குன்னு கணக்கு. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா...”

“இருந்தா?”

“அங்க ஒண்ணும் பெருசா இல்லைன்னு கணக்கு.”

மல்சுன் பதினொரு வருடமாக அறுவடை முடிந்ததும் வைக்கோலை அப்படியே வயலில் விடுகிறவள். மற்றவர்கள் சுருட்டி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பொதிந்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் சிந்திய நெல்லைக்கூடக் கூட்டுவதில்லை. ஊற்று மடையைத் திறந்து குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் நிறுத்துவாள். வடக்கே பனிக்காட்டிலிருந்து வரும் பெருங்கொக்குகள் நூற்றுக்கணக்கில் அவள் வயலில்தான் இறங்கும். கொக்கின் மேல் பக்தி ஒன்றுமில்லை. ‘என் வயல்ல என்ன நடக்கணும்னு நான்தான் சொல்லுவேன்’ என்கிற குணம், அவ்வளவுதான்.

“தலைவரே,” என்று திரும்பினாள். “உங்க வயலுக்கு என்ன தரம்?”

ஊர்த்தலைவர் குக் யோங்பே மிக்ஸ் காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். “நாலு. பக்கத்துல ஓடை இருக்குல்ல.”

“உங்க வயல்ல எலிகூட வாடகைக்கு வராது. அதுக்கு நாலு, எனக்கு அஞ்சா?”

“நாரே அம்மா, சண்டை போடணும்னா செயற்கைக்கோளோட போடு. எங்களோட வேண்டாம்.”

“எறங்கி வரச் சொல்லு. போடுறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். யோங்பே மட்டும் சிரிக்கவில்லை, அவருக்குக் காரணம் இருந்தது. வட்டார நிர்வாகம் இந்தப் பக்கம் கண்ணாடிக் கூரைக்குள் பயிர் வளர்க்கும் பெரிய பண்ணை கட்டப்போகிறது. குடைமிளகாய், தக்காளி, இளைஞர்களுக்கு வேலை. பள்ளிக்கூடம் மூடி ஆறு வருடமான ஊருக்கு ஆசை வராமல் இருக்குமா? ஐந்தாம் தர நிலத்தில் மட்டும்தான் கட்டலாம் என்பது விதி. ஸெம்னேயில் ஐந்தாம் தரம் என்று மொத்தமாக இருப்பது மல்சுனின் ஒன்பது வயல்தான். வியாழக்கிழமை இதே மன்றத்தில் கூட்டம். அன்று நிலத் தரத்தை முடிவுசெய்யும் குழு முத்திரை குத்திவிட்டால் வயல் போய்விடும், மாற்று நிலம் என்று வேறு எங்காவது ஒரு மூலையைக் காட்டுவார்கள். அன்றைக்குத் திங்கள்.

“டாக்டரம்மா, நீ என் வயலைப் பாத்தியா?” என்று கேட்டாள் மல்சுன்.

ஹேரினின் முகம் சிவந்தது. “சரிபார்க்க முப்பது இடத்துக்குப் போகணும்மா. உங்க பக்கம் நாலு இடம் இருந்துது. ராணுவச் சாவடிக்கு அந்தப் பக்கம் போக அனுமதி வரல. அதனால... விட்டுட்டோம்.”

“அப்ப பாக்கவே இல்ல.”

“இல்ல.”

“நாளைக்குக் காலைல பூட்ஸ் போட்டுட்டு வா,” என்றாள் மல்சுன்.

ஸெம்னே வடக்கு எல்லையை ஒட்டிய ஊர். வயலுக்குப் போக வேண்டுமானால் சாவடியில் அட்டையைக் காட்ட வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலை சாவடியில் மல்சுன் லாரி ஜன்னலை இறக்கி, “வயல் வேலைக்கு ஆள்,” என்றாள்.

சிப்பாய் ஹேரினின் கண்ணாடியையும் வெள்ளைக் கையுறையையும் பார்த்தான். “ஜனவரி மாசத்துல என்ன வேலைம்மா?”

“மடை பாக்கணும். நீ வந்து பாக்குறியா? மைனஸ் பதினாறு டிகிரி.”

அவன் பார்க்க விரும்பவில்லை. ஹேரினின் கைபேசிக்கும் கையில் இருந்த பலகைக் கணினிக்கும் கேமரா கண்ணில் ஒவ்வொரு ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வழிவிட்டான்.

வயலை நெருங்கும்போதே ஆவி தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் உறைந்து கிடக்க, மல்சுனின் வயலில் மட்டும் தண்ணீர் புகைந்துகொண்டிருந்தது. பூமிக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக வரும் ஊற்று, எந்தக் குளிரிலும் உறையாது. இருநூறு முந்நூறு கொக்குகள் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தன. லாரியின் சத்தத்துக்குத் தலைதூக்கிப் பார்த்துவிட்டு, ‘ஓ, நீதானா’ என்று மறுபடி குனிந்துகொண்டன. ஹேரின் வாயைத் திறந்தபடி நின்றாள்.

“கொக்கை விடு. அது விருந்தாளி, ஊருக்குப் போயிரும். இங்க வா,” என்று மல்சுன் அவளை வயல் மூலையில் இருந்த குட்டைக்கு இழுத்துப் போனாள். கையுறையைக் கழற்றிவிட்டு முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி பாசியை அள்ளி நீட்டினாள். பாசிக்குள் எல்லாம் நெளிந்தது. நத்தை, அயிரைக் குஞ்சு, தட்டானின் புழு, நீர்வண்டு. ஹேரின் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

“ஒரு பிடியில,” என்றாள்.

“ஒரு பிடியிலதான். இன்னொரு பிடி எடுக்கவா?”

ஹேரின் கணினியைத் திறந்தாள். தரம் போட்ட வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியில் இருந்த அசல் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினாள். படத்தைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள். மறுபடி படம்.

“அம்மா, இந்தக் குட்டை எப்ப வெட்டினது?”

“எனக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாடி.”

“படத்துல இல்லையே.”

மல்சுன் எட்டிப் பார்த்தாள். குட்டை இல்லை. ஊற்று இல்லை. அதோடு விட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வரப்பு நேராக இருந்தது.

“என் வரப்பு எங்க?” என்றாள்.

“இதோ, இந்தக் கோடு...”

“அது என் வரப்பு இல்ல. என்னுது கோணல். கண்ணு இருந்தா அங்க பாரு.”

ஹேரின் பார்த்தாள். நிஜமான வரப்பு பாதிவரை ஒழுங்காக வந்து, திடீரென்று இடப்பக்கம் வளைந்து, ஒரு புதரைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போயிற்று. வளைவுக்குள் நாணலும் முள்ளும் காட்டுக் கொடியும் மண்டிக் கிடந்தன. சுற்றிலும் உழுத நிலம் இருக்க, அந்த இடத்தை மட்டும் யாரும் ஐம்பது வருடமாகத் தொட்டதில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

“போருக்கப்புறம் இந்த மண்ணு பூரா கண்ணிவெடி,” என்றாள் மல்சுன். “ஆளுங்களைக் கொண்டுவந்து, எடுத்துட்டு உழுதுக்கங்கன்னு விட்டாங்க. எங்கப்பா இரும்புக் கம்பியால குத்திக் குத்தி எடுத்தாரு. அந்தப் புதர்லதான் அவரோட இடது கால் இருக்கு. அதுக்கப்புறம் அங்க தோண்ட யாருக்கும் தைரியம் வரல. வரப்பை வளைச்சுப் போட்டாங்க. உன் படம் அதை நேராக்கியிருக்கு. எந்த நாய் நேராக்கிச்சு?”

ஹேரின் மறுபடி படத்தின் மேல் குனிந்தாள். கணினியில் விரல்களை விரித்து இன்னும் இன்னும் பெரிதாக்கினாள். சட்டென்று விரல் நின்றது.

“அம்மா, இந்த டிராக்டர் திரும்பின தடத்தைப் பாருங்க. இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இதோ இங்கயும். மூணும் அச்சு அசல் ஒண்ணுதான். ஒரே துண்டை வெட்டி மூணு தடவை ஒட்டியிருக்காங்க.”

மல்சுன் மூக்கு கணினியில் படும் அளவுக்குக் குனிந்தாள். தடத்தின் ஓரத்தில் உடைந்த மதகு ஒன்று தெரிந்தது. அந்த மதகு அவளுக்கு நன்றாகத் தெரியும். ஸெம்னேயில் டிராக்டரைத் திருப்பத் தெரியாமல் மதகை உடைத்த ஆள் ஒருவர்தான் உண்டு.

“இது யோங்பேயோட வயல்,” என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் மேற்கே நிமிர்ந்தார்கள். வயலுக்கு அப்பால், புதருக்கும் பின்னால், மேடு இருந்தது.

ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. அந்த மேடு என்பார்கள், அவ்வளவுதான். மேட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது, மேட்டுப் பக்கம் காற்று அடிக்கிறது என்பார்களே தவிர, மேட்டின் மேல் என்ன இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ராணுவம் இருக்கிறது என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். சொல்லாமல் சொல்லாமல் பார்க்காத மாதிரியே பழகிவிட்டார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஆனால் ஊரே கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் இருளத்தான் செய்கிறது. செயற்கைக்கோள் படத்தை வெளியே தரும்போது அந்த மாதிரி இடங்களை வேறு நிலத்தால் மூடித் தருவது இந்த நாட்டு வழக்கம். மூடியவன் மேட்டோடு சேர்த்து, பக்கத்தில் இருந்த ஒன்பது வயலையும் மூடிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. சோறு மட்டும் யோங்பே வீட்டுச் சோறு.

“நான் அளந்தது நிலத்தையே இல்ல, ஒட்டுப் போட்ட துண்டை,” என்றாள் ஹேரின். “வெளிநாட்டு இலவசப் படம் ஒண்ணு இருக்கும்மா. அதை யாரும் மூடுறதில்ல. அதுல உங்க வயல் குளிர்காலம் பூரா தண்ணியா மின்னுது. நான் ஏதோ தப்புன்னு நெனச்சு ஒதுக்கிட்டேன். ஆனா அதுல ஒவ்வொரு புள்ளியும் பெருசு, தெளிவு பத்தாது, குழு அதை ஏத்துக்காது.”

அங்கேயே நின்று தன் மேலதிகாரியைக் கைபேசியில் கூப்பிட்டாள். ஐந்து நிமிடம் பேசினாள். பெரும்பாலும் ‘சரி சார்’ என்றுதான் பேசினாள்.

“என்ன சொன்னான்?”

“அந்தச் சதுரத்தைப் பத்தி வாயே திறக்காதேன்னு சொல்றார். மூடியிருக்குன்னு சொன்னாலே, மூடின எடத்துல ஏதோ இருக்குன்னு சொன்ன மாதிரி. அது குத்தம். ஜெயில்ல போடலாம்.” ஹேரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “என்னை மன்னிச்சுடுங்கம்மா. என்னால கூட்டத்துல சொல்ல முடியாது. நீங்களும் போட்டோ எடுத்துக் காட்ட முடியாது.”

“அழாத. கண்ணீர் கன்னத்துலயே உறைஞ்சிரும்,” என்றாள் மல்சுன். “நீ சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன்.”

“அப்புறம்?”

“மூடினவங்க வாயாலயே வரட்டும்.”

வியாழக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. குளிருக்காக அடியில் சூடேற்றிய தரை கணகணவென்று இருந்தது. சுவர் ஓரமாகச் செருப்புகள் மலைபோல் கிடந்தன. முன்னால் மேசை போட்டு குழுவின் சார்பில் வட்டார நிர்வாகத்திலிருந்து வந்த பிரிவுத் தலைவர் மேங் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, எதையும் வேகமாக முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகிற முகம். பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண். எல்லைப் பகுதிக் கூட்டம் என்பதால் ராணுவத்திலிருந்தும் ஒருவர் வந்து உட்கார வேண்டும். அன்று வந்தவர் மேஜர் தோக்கோ. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் நின்ற ஹேரினின் முகத்தில் ரத்தமே இல்லை.

மேங் எல்லாவற்றையும் படித்தார். பதினேழாம் எண் முதல் இருபத்தைந்தாம் எண் வரை, ஐந்தாம் தரம், பண்ணைக்கு உகந்தது. “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டுக்கொண்டே முத்திரைக் கட்டையை எடுத்தார்.

“ஒரு சந்தேகம்,” என்று மல்சுன் எழுந்தாள்.

யோங்பே நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயா, இந்தப் படம் நெஜந்தானே?”

“என்னம்மா கேள்வி? செயற்கைக்கோள் எடுத்தது. மனுஷன் பொய் சொல்லுவான், செயற்கைக்கோள் சொல்லாது.”

“படத்துல இருக்கிறதெல்லாம் அங்க இருக்கு?”

“இருக்கு.”

“அந்தப் பொண்ணை எழுதிக்கச் சொல்லுங்க.”

மேங் சலிப்போடு தலையாட்டினார். குறிப்பெடுக்கிறவள் எழுதினாள்.

மல்சுன் படத்தருகே போனாள். “இது என் கடைசி வயல். இதுக்கு மேக்கால, படத்துல, இன்னும் வயல் போகுது. பாருங்க, நல்லா நேரா, அழகா, ஒரு மேடு பள்ளம் இல்லாம. சுமாரா நாப்பது மூட்டை வெளையும். இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே இல்ல. யாரும் உழாம சும்மா கெடக்கு. பொது நிலம் போல.”

அங்கே மேற்கே என்ன இருக்கிறது என்று தெரியாதவர் அந்த அறையில் மேங் ஒருவர்தான்.

“அதனால வர்ற ஏப்ரல்ல நான் அங்க உழப்போறேன். டிராக்டரை என் வரப்புலேர்ந்து நேரா மேக்கால விட்டேன்னா, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும். ஐயாவே சொல்லிட்டாரு, படத்துல இருக்கிறது அங்க இருக்குன்னு. எழுதியும் ஆச்சு.” கடைசி நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். “மேஜர் ஐயா, உங்க பசங்ககிட்ட சொல்லி வைங்க. டிராக்டர் சத்தம் கேட்டுப் பயந்து சுட்டுடப் போறாங்க.”

பொங்நம் கிழவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஜர் தோக்கோ மெல்ல நிமிர்ந்தார். “அங்க உழ முடியாதும்மா.”

“ஏன்?”

“முடியாது.”

“வயல்னா உழலாம். நான் பொறந்ததுலேர்ந்து உழறேன். ஏன் முடியாது? படத்துல வயல்னு இருக்கு, அரசாங்கம் முத்திரை குத்தப்போவுது. இல்ல, அது வயல் இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்கல. அங்க என்ன இருக்குன்னு கேட்டேனா? கேக்க மாட்டேன். எங்க ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. அம்பது வருஷமா கேட்டதில்ல. அங்க வயல் இருக்கா, இல்லையா?”

மேங் முத்திரைக் கட்டையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேஜர் தொப்பியின் விளிம்பை விரலால் தடவினார். அவருக்குத் தெரியும். பொய்யை உண்மை என்று சொன்னால் ஏப்ரலில் இந்த அம்மாள் நிஜமாகவே டிராக்டரோடு வந்து நிற்பாள். ஸெம்னேகாரர்களைப் பற்றி ராணுவத்துக்கு நன்றாகத் தெரியும்.

“அங்க வயல் இல்ல,” என்றார்.

“எழுதிக்கம்மா,” என்றாள் மல்சுன் குறிப்பெடுக்கிறவளிடம். “அங்க வயல் இல்ல. மேஜர் தோக்கோ சொன்னாரு. மேல இருக்கிற வரிக்குக் கீழயே எழுது.”

இரண்டு வரியும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தாளில் கிடந்தன. மேங் அதை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். அப்போதுதான் அவருக்கு வியர்த்தது.

“மேக்கால வயல் இல்லாட்டிப் போவுது, உங்க ஒன்பது வயலுக்கும் அதுக்கும்...”

“சம்பந்தம் இருக்கு சார்.” சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. ஹேரின் முன்னால் வந்தாள். “அந்த மூலைக்குத் தரம் போட்டது நான். நேர்ல போய்ப் பாக்காம போட்டேன். ரெண்டு நாள் முன்னாடி போய்ப் பாத்தேன். நான் போட்ட தரம் தப்பு. அதை நான் திரும்ப எடுத்துக்கிறேன். என் பேரு தாக் ஹேரின், எழுதிக்கங்க.”

“உங்க நிலையத்துல கேட்டீங்களா?” என்றார் மேங்.

“கேட்டேன். வேண்டாம்னாங்க.”

மார்ச் மாதம் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் அந்த ‘வேண்டாம்’ சொன்ன மேலதிகாரிதான். மல்சுனுக்கு அது தெரியும், லாரியில் வரும்போது ஹேரினே சொல்லியிருந்தாள். மல்சுன் நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம்விட்டாள். அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

“அப்ப இந்த அஞ்சாம் தரம் யாரோட வயலுக்கு வந்தது?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

“யாரோடதா இருக்கும்? மதகு ஒடைஞ்ச வயல் எதுன்னு பாத்துக்க,” என்றாள் மல்சுன்.

யோங்பே எழுந்து படத்தருகே வந்து குனிந்து பார்த்தார். காது நுனிவரை சிவந்துபோயிற்று. “அது போன வருஷம் கியர் மாட்டிக்கிச்சு,” என்றார். மன்றம் இடிந்து விழும்படி சிரித்தது. கண்ணாடிப் பண்ணை வேண்டும் என்று நேற்றுவரை அவர் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

மேங் மேசையைத் தட்டினார். “சரி, சரி! தரம் வாபஸ். தரமில்லாத நிலம்னு போடுறேன். ஆனா தரமில்லாத நிலத்தை அஞ்சுக்குச் சமமா எடுத்துக்கலாம்னு ஒரு விதி இருக்கு...”

இதுவரை மல்சுன் விளையாட்டாகத்தான் பேசினாள். இப்போது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியாக வருகிறான் இவன், பெருச்சாளி. மேசைமேல் இருந்த கறுப்புப் பேனாவை எடுத்தாள். படத்துக்கு முன்னால் போய் நின்று, அரிசி கழுவிய தண்ணீருக்கு நடுவே அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

“அம்மா! அரசாங்கப் படத்துல கிறுக்கக் கூடாது!”

“நானா முதல்ல கிறுக்கினேன்?” என்றாள் திரும்பாமலே. “உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் கிறுக்கிட்டான். அவன் இல்லாததை வரைஞ்சான். நான் இருக்கிறதை வரையுறேன்.”

பாதிவரை நேராக வந்த கோட்டை இடப்பக்கம் வளைத்தாள். புதரைச் சுற்றினாள். மறுபடி நேராகக் கொண்டுபோனாள். கோடு சரியாகத்தான் வந்தது. சின்ன வயதிலிருந்து நடந்த வரப்பு அது. ஊற்றுக்கு ஒரு வட்டம். குட்டைக்கு ஒரு வட்டம். வாய்க்கால். கொக்குகள் இரவில் நிற்கும் இடம். யோங்பேகூட, “வாய்க்கால் இன்னும் நீளமாச்சே,” என்று முணுமுணுத்தார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேஜர் தோக்கோ எழுந்து தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு சூடான தரையில் நடந்து வந்து மல்சுனுக்குப் பக்கத்தில் நின்றார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாணலுக்குப் பின்னால இன்னொரு ஊத்து இருக்கு,” என்றார் தாழ்ந்த குரலில். “கீழேர்ந்து தெரியாது. விடியக்காலைல மான் வந்து தண்ணி குடிக்கும். நாலு இருக்கும், சில நாள் அஞ்சு.”

எங்கேயிருந்து பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மல்சுன் பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

மேங்கின் கையில் முத்திரைக் கட்டை இன்னும் இருந்தது. “இதையெல்லாம் நான் எப்படி எழுதுறது?” என்றார், நிஜமாகவே தெரியாமல்.

“வந்து பாத்துட்டு எழுதுங்க,” என்றாள் மல்சுன். “நாளைக்குக் காலைல ஏழு மணி, சாவடிகிட்ட. பூட்ஸ் இல்லைன்னா எங்க வீட்டுக்காரரோடது இருக்கு. கொஞ்சம் பெருசு, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கங்க.”